சென்னையில் ஊர்ச் செய்தியும் கலை நிகழ்ச்சியும்: எங்கே, எப்போது, எப்படிப் பார்ப்பது?

எட்டு மாதத்துக்கு முன்னால் கோவையிலிருந்து வேலைக்காகச் சென்னை வந்தவர் நீங்கள். திருவான்மியூரில் வீடு, ஓ.எம்.ஆரில் ஆபீஸ். ஆடி மாதம் பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் விடிய விடியக் கூத்து நடந்ததே மறுநாள் பால் வாங்கப் போனபோதுதான் தெரிந்தது என்று எழுதியிருந்தீர்கள். ஊர்ச் செய்தியையும் கலை நிகழ்ச்சிகளையும் எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது, அதுவும் மார்கழி வருவதற்குள், என்பது கேள்வி. ஏரியா வாரப் பத்திரிகைகளுக்கு நிகழ்ச்சிப் பத்தி எழுதியே பதினைந்து வருடம் ஓட்டியவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. ‘சென்னைச் செய்தி’ என்று தேடினால் உங்களுக்குக் கிடைப்பது கோட்டைச் செய்தியும் கோடம்பாக்கச் செய்தியும்தான். அமைச்சர் என்ன சொன்னார், எந்தப் படம் எப்போது வருகிறது, இவ்வளவுதான் மேலே மிதக்கும். உங்கள் தெருவில் ஏன் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை, மாடவீதியில் ஏன் பந்தல் போடுகிறார்கள் என்பதெல்லாம் அடியில் கிடக்கும். இந்த ஊர் ஏரியா ஏரியாவாகத்தான் பேசுகிறது. மயிலாப்பூர்க்காரருக்குப் பெரம்பூரில் நடப்பது தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் பெரிதாக இருக்காது. ஆகவே நகரத்தை மொத்தமாகப் பிடிக்கப் பார்க்காமல் இரண்டு மூன்று ஏரியாக்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் திருவான்மியூர், பெசன்ட் நகர், மயிலாப்பூர் போதும்.

இப்போது ஐப்பசி என்பதால் மழையிலிருந்தே தொடங்குகிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைக்கு மழையை விடப் பெரிய உள்ளூர்ச் செய்தி கிடையாது. வானிலை ஆய்வு மையம் சென்னை மழை என்று முதலில் சொல்வது நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் அளவுகளைத்தான். நுங்கம்பாக்கத்தில் தூறல் போடும்போது திருவான்மியூரில் கொட்டோ கொட்டென்று கொட்டும், அல்லது நேர்மாறாக நடக்கும். கடலோர மேகங்களின் புத்தி அப்படி. இன்னொன்று, அந்த அளவு காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரைக்கான கணக்கு. நள்ளிரவில் நனைந்தவர்கள் ‘நேற்று இவ்வளவா பெய்தது?’ என்று சண்டை போடுவதற்கு இதுதான் காரணம். அதனால் மழை நாளில் எண்ணைப் பார்க்காமல் ராடார் படத்தைப் பாருங்கள். மேகக்கூட்டம் கடலிலிருந்து உங்கள் பக்கம் நகர்கிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தெரிந்துவிடும். துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வந்தால் அலற வேண்டாம். தூரத்தில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று கப்பல்களுக்குச் சொல்வது அது. எண் கூடக் கூடத்தான் நாம் மெழுகுவர்த்தி வாங்கக் கிளம்ப வேண்டும்.

ஏரி மட்டமும் அப்படித்தான். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நிலவரத்தை நாளிதழ்கள் சின்னக் கட்டம் கட்டிப் போடும். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மற்ற மூன்றையும் விட இதைத்தான் தென்சென்னைக்காரர் மனப்பாடமாக வைத்திருப்பார். ஏனென்றால் அதன் உபரி நீர் அடையாற்றில் இறங்கி, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகத்தான் கடலுக்குப் போகும். 2015 டிசம்பர் முதல் தேதி இரவை இங்கே யாரும் மறக்கவில்லை. 22 அடியைத் தாண்டியது என்ற ஒரு வரியைப் படித்ததும் உங்கள் வீட்டு ஓனர் காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் சிரிக்காதீர்கள். உங்கள் வண்டியையும் பின்னாலேயே கொண்டுபோய் நிறுத்துங்கள்.

மற்ற உள்ளூர் விஷயங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மாநகராட்சியில் 200 வார்டுகள். உங்கள் வார்டு எண்ணைக் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், குப்பையிலிருந்து தெருவிளக்கு வரை எல்லாம் அதில்தான் தொங்குகிறது. புகாருக்கு 1913. பராமரிப்புக்காகக் கரன்ட் நிறுத்தும் இடங்களின் பட்டியல் முந்தைய நாள் பேப்பரில் வரும், பெரும்பாலும் காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் இரண்டு வரை. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவருக்குத் தலைப்புச் செய்தியை விட இது முக்கியம்.

ஏரியா பத்திரிகைகளுக்கு வருகிறேன். சனி ஞாயிறில் பேப்பரோடு சேர்ந்தோ, தனியாக வாசலிலோ வந்து விழும் இலவச வாரப் பத்திரிகைகள் சென்னைக்கே உரிய ஒரு சங்கதி. 1994-இல் வின்சென்ட் டிசோசா தொடங்கிய மயிலாப்பூர் டைம்ஸ் இவற்றில் பெயர் பெற்றது. அடையாறு, அண்ணா நகர் பக்கங்களுக்கும் தனித்தனியாக வந்தன. பாதிப் பக்கம் பிளம்பர், டியூஷன், வாடகை வீடு விளம்பரமாக இருக்கும். மீதிப் பக்கத்தில் எந்தப் பெரிய பத்திரிகையும் போடாத செய்திகள்: லஸ் முனையில் வெட்டிய மரம், ரிட்டயர் ஆன தலைமையாசிரியை, ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் சிறுவர்கள் பாடப்போகிறார்கள் என்ற நான்கு வரி. கொரோனாவுக்குப் பிறகு தாள் மெலிந்து, பல செய்திகள் போன் திரைக்குப் போய்விட்டன. ஆனாலும் பழைய ஆட்கள் அதை அசட்டை செய்வதில்லை. ஊரின் பழைய கட்டடங்கள், மறந்துபோன மனிதர்கள் பற்றித் தெரிய வேண்டுமென்றால் எஸ். முத்தையா 1991-இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிங்ஸ் இருக்கிறது. ஆங்கிலப் பத்திரிகைதான், ஆனால் விஷயம் முழுக்க நம் ஊர்.

அப்புறம் நாளிதழ்களில் ஒரு மூலையில் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ என்று பொடி எழுத்தில் வரும் பத்தி. பூதக்கண்ணாடி வேண்டும், பரவாயில்லை. ஆன்மிகச் சொற்பொழிவு, நூல் வெளியீடு, ஓவியக் கண்காட்சி, நாம சங்கீர்த்தனம் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். டிக்கெட் விற்கும் செயலிகளில் இவற்றில் பெரும்பாலானவை வராது. காரணம் எளிது: இந்த நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட்டே கிடையாது. செயலியை மட்டும் பார்த்துவிட்டு ‘சென்னையில் ஸ்டாண்டப் காமெடி தவிர ஒன்றும் நடப்பதில்லை’ என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இங்கே அழைப்பிதழ் படிப்பதும் ஒரு வித்தைதான், கோவையில் உங்களுக்குப் பழகியிருக்கும், ஆனாலும் சொல்கிறேன். ‘அனைவரும் வருக’ என்று கீழே போட்டிருந்தால் கட்டணம் இல்லை, உள்ளே போய் உட்காரலாம். மேலே வரவேற்புரை, தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று வரிசையாக இருக்கும். வாழ்த்துரையில் எட்டுப் பெயருக்கு மேல் இருந்தால் ஆறு மணிக் கூட்டத்துக்கு ஏழே காலுக்குப் போனால் போதும். உங்களுக்கு வேண்டிய ஆள் ‘சிறப்புரை’யில் இருப்பார், அவர் எழும்போது மணி எட்டாகி, பாதிப் பேர் பஸ் பிடிக்கப் போயிருப்பார்கள். வாழ்த்துரையே இல்லாமல் இரண்டு பெயர் மட்டும் இருக்கும் அழைப்பிதழ் கண்ணில் பட்டால் விடாதீர்கள். அங்கே உண்மையாகவே ஏதோ பேசப்போகிறார்கள்.

அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலக அரங்கு, பழைய ஆட்கள் எல்.எல்.ஏ. பில்டிங் என்பார்கள், இந்த வகைக் கூட்டங்களின் தாய்வீடு. கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸ், உங்கள் ஏரியாவிலேயே பனுவல் போன்ற புத்தகக் கடைகளும் நூல் வெளியீடு, விமர்சனக் கூட்டம் நடத்திப் பெயர் வாங்கியவை. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பழைய தமிழ் அச்சுப் புத்தகங்களில் ஈடுபாடு இருந்தால் அங்கே நடக்கும் உரைகளைத் தவற விடாதீர்கள். உங்கள் ஆபீஸுக்குப் போகிற வழிதான். ஜனவரியில் புத்தகக் காட்சி. 1977-இல் அண்ணா சாலையில் ஒரு பள்ளி வளாகத்தில் சின்னதாகத் தொடங்கியது, இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் முழுக்கப் பரந்துவிட்டது. வார நாளில் மதியம் போங்கள். ஞாயிறு மாலை போனால் புத்தகத்தைப் பார்ப்பதற்குப் பதில் முன்னால் நிற்பவர் முதுகைப் பார்த்துவிட்டு டெல்லி அப்பளத்தோடு திரும்புவீர்கள்.

சரி, மார்கழி. கர்நாடக இசைக் கச்சேரி சீசன் ஏன் டிசம்பரில் வருகிறது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். திருப்பாவையும் பனியும் காரணம் என்று பலர் சொல்வார்கள். கோயில்களில் விடியற்காலை பஜனை தொன்றுதொட்டு உண்டுதான், மயிலாப்பூர் மாடவீதிகளில் பாபநாசம் சிவன் முன்னால் நடந்து பாடிய பஜனை கோஷ்டியின் பேச்சு இன்றும் இருக்கிறது. ஆனால் அரங்கக் கச்சேரிகள் டிசம்பரில் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் காங்கிரஸ் மாநாடு. 1927 டிசம்பரில் மெட்ராஸில் நடந்த மாநாட்டை ஒட்டி ஒரு இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையும் தோதாக அமைய, வருடாந்தர விழா டிசம்பரிலேயே நிலைத்தது. கச்சேரி நடத்தும் மற்ற சங்கங்களான சபாக்களும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டன. சபா என்ற அமைப்பு அதற்கும் முந்தையது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1900-லேயே தொடங்கிவிட்டது. பாடல்கள் பெரும்பாலும் தெலுங்காகவும் சமஸ்கிருதமாகவும் இருந்ததை எதிர்த்து எழுந்த இயக்கத்தின் பயனாக, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1943-இல் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்கினார். பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றத்தில் அந்த விழா டிசம்பரில் நடக்கும். பாட்டு புரிந்து கேட்க வேண்டும் என்று நினைத்தால் அங்கிருந்து தொடங்குவது நல்லது. அகாடமியில் கிடைக்கும் கௌரவம் அங்கே கிடைக்காது, இடம் கிடைக்கும்.

நிகழ்ச்சி நிரல் டிசம்பர் தொடக்கத்திலேயே பேப்பர்களிலும் சபாக்களின் சின்னப் புத்தகங்களிலும் வந்துவிடும். அதில் பெரிய பெயர்களின் மாலைக் கச்சேரிகளை எல்லோரும் வட்டம் போடுவார்கள். நீங்கள் பகல் பன்னிரண்டு, இரண்டு மணிக் கச்சேரிகளுக்கு வட்டம் போடுங்கள். பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்குக் காசு கிடையாது. சீசனில் ஒரு படிக்கட்டு உண்டு: வளரும் பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்குப் பாடுவார்கள், பெயர் வர வர இரண்டு மணி, நான்கு மணி என்று ஏறி, பத்துப் பதினைந்து வருடத்தில் மாலை ஏழு மணிக்கு வருவார்கள். சிலர் நான்கு மணியிலேயே நின்றுவிடுவதும் உண்டு, அதற்கு எப்போதும் பாட்டுதான் காரணம் என்று சொல்ல முடியாது.

போன வருடம் மயிலாப்பூரில் ஒரு பன்னிரண்டு மணிக் கச்சேரி. முந்நூறு நாற்காலிக்குப் பதினாலு பேர், எண்ணினேன். பாடிய பெண்ணுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். மைக்கில் ஒரே இரைச்சல், வயலின் வாசித்த பையன் இரண்டு முறை எழுந்து போய் சவுண்டுக்காரரிடம் கையை மேலே காட்டினான், அவர் கீழே இறக்கிவிட்டார். கரகரப்ரியா ஆலாபனை ஆரம்பித்தாள். மேலே போகப் போக எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர், அதுவரை ஏப்பம் விட்டுக்கொண்டு சரிந்து கிடந்தவர், மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தார். மேல் ஷட்ஜத்தில், அதாவது உச்சியில் இருக்கும் ‘ஸ’வில், அவள் கொஞ்ச நேரம் நின்றாள். யாரும் கைதட்டவில்லை, பெரியவர் ‘ஆஹா’ என்று தொடையில் ஒரு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான். அந்தப் பெண் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள் பாருங்கள், ஏழு மணிக் கச்சேரியில் மேடைக்கும் நாற்காலிக்கும் இவ்வளவு கிட்டத்தில் பரிச்சயம் ஏற்படாது.

கச்சேரி புதிதென்றால் ஒரு ஒழுங்கு தெரிந்திருந்தால் போதும். முதலில் வர்ணம், பிறகு சின்னக் கீர்த்தனைகள், நடுவில் பெரிதாக ஒரு ராகம், அதன் முடிவில் மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள் என்ற சின்னப் பாட்டுகள், மங்களம். இந்த அமைப்புக்கு ஒரு கட்டுக்கோப்பு கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்பார்கள். தனி ஆரம்பித்ததும் பாதி அரங்கு காபிக்கு எழும். நீங்கள் எழாதீர்கள். மிருதங்கக்காரர் இரண்டு மணி நேரம் அடுத்தவர் பாட்டுக்கு வாசித்துவிட்டு, தனக்கென்று கிடைத்த பத்துப் பதினைந்து நிமிடத்தில் நம் முதுகைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எழுந்துதான் ஆக வேண்டுமென்றால் தனி தொடங்குவதற்கு முன்பே போய்விடுங்கள். கேன்டீன் எங்கும் ஓடிவிடாது. சீசனில் கேன்டீனுக்காகவே சபாவுக்குப் போகிற கூட்டம் ஒன்று தனியாக உண்டு, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் அதில் ஒருவன். வாழை இலையில் மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் பன்னிரண்டேகாலுக்குள் போய் உட்காருங்கள்.

போக்குவரத்துக்குக் கவலையே வேண்டாம். திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறித் திருமயிலையில் இறங்கினால் மாடவீதியும் லஸ்ஸும் காலடியில். சீசன் நேரத்தில் அந்த இடத்தில் கார் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் வர்ணத்தைக் கேட்டதே இல்லை.

மியூசிக் அகாடமியில் டிசம்பர் பதினைந்தை ஒட்டித் தொடங்கி ஜனவரி ஒன்று வரை கச்சேரி, ஜனவரி மூன்று வாக்கில் நாட்டிய விழா. அங்கே காலையில் நடக்கும் விளக்க உரைகள் மாலைக் கச்சேரியை விட எனக்குப் பிடிக்கும். ஒரு ராகத்தையோ ஒரு தாளத்தையோ எடுத்து ஒரு மணி நேரம் பிரித்து மேய்வார்கள், பிறகு நிபுணர்கள் கேள்வி கேட்டு அவர்களைப் பிரித்து மேய்வார்கள். உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே கலாக்ஷேத்திரா இருக்கிறது. 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கியது, கேரளக் கூத்தம்பல பாணியில் கட்டிய அரங்கு. பரதநாட்டியத்துக்கு இந்த ஊரில் அதை விட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. மரங்களுக்கு நடுவே இருட்டில் நடந்து உள்ளே போவதே பாதி நிகழ்ச்சி.

சபா வட்டத்தோடு நின்றுவிட்டால் ஊரின் பாதிதான் தெரியும். மேடையில் பாடுகிறவர்களும் எதிரே இருப்பவர்களும் பெரும்பாலும் ஒரே சமூகத்திலிருந்து வருகிறார்கள் என்ற மனக்குறை பல காலமாக உண்டு. நியாயமான குறைதான். அதற்கு இரண்டு மூன்று பதில்கள் இந்த ஊரிலேயே முளைத்தன. 2015-இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயல்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் முதலியோர் உங்கள் பக்கத்து ஊரூர் ஆல்காட் குப்பத்து மக்களோடு சேர்ந்து கடற்கரைக் குப்பத்திலேயே விழா எடுத்தார்கள். வில்லுப்பாட்டு, பரதம், கர்நாடக இசை, பறை எல்லாம் ஒரே மேடையில், பின்னால் படகுகள். 2020 டிசம்பரிலிருந்து பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’ நடத்துகிறது. கானாவும் ஒப்பாரியும் பறையும் அதே மார்கழியில், அதே ஊரில். கானா என்றால் சினிமாப் பாட்டு என்று நினைத்திருந்தால் அங்கே போய்க் கேளுங்கள். வடசென்னைச் சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய பாட்டுக்கு எவ்வளவு கனம் உண்டென்று புரியும். பொங்கலை ஒட்டி அரசு நடத்தும் ‘சென்னை சங்கமம்’ பூங்காக்களிலும் மைதானங்களிலும் நடக்கும். 2007-இல் தொடங்கி, நடுவில் பல வருடம் நின்று, திரும்ப வந்திருக்கிறது. தேவராட்டம், ஒயிலாட்டம், கணியான் கூத்து என்று தென்மாவட்டக் கலைகளைக் காசில்லாமல் பார்க்கலாம். ஒரே குறை, ஒவ்வொரு குழுவுக்கும் பத்துப் பதினைந்து நிமிடம்தான். கணியான் கூத்தைப் பதினைந்து நிமிடத்தில் பார்ப்பது கல்யாணத்துக்குப் போய்ப் பாயசம் மட்டும் குடித்துவிட்டு வருவது மாதிரி.

நாடகத்துக்கு எழும்பூர் மியூசியம் தியேட்டர், 1896-இல் கட்டியது. கல்லூரிச் சாலையில் அலியான்ஸ் பிரான்சேஸ். பெசன்ட் நகர் கடற்கரையில் நடனக் கலைஞர் சந்திரலேகா வாழ்ந்த இடம், இப்போது ஸ்பேசஸ் என்ற பெயரில் சின்ன அரங்கு. உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகலாம். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையின் வாரிசுகள் என்று சொல்லத்தக்க குழுக்கள்தான் இந்த அரங்குகளில் நல்ல தமிழ் நாடகம் போடுகின்றன. ஓவியத்துக்குக் கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி, ஈ.சி.ஆரில் சோழமண்டலம். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுக் காசு சேர்த்து, 1966-இல் ஈஞ்சம்பாக்கத்து மணலில் நிலம் வாங்கிக் குடியேறிய கிராமம் அது. இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் முட்டுக்காடு தட்சிணசித்ரா, தென்னிந்தியப் பழைய வீடுகளும் கைவினையும் காட்டும் அருங்காட்சியகம். இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள், இரண்டும் கெடும்.

கோயில் விழாக்களைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, காலண்டர் சொல்லும். பங்குனியில் கபாலீசுவரருக்கு மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி, ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர். உங்கள் மருந்தீசுவரருக்கும் பங்குனியில்தான் உற்சவம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா திருவிழா. அந்தப் பதினோரு நாளும் பெசன்ட் நகர் வழியாக ஆபீஸ் போகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஆகஸ்டில் மெட்ராஸ் தினம் வேறு. 1639 ஆகஸ்ட் 22-ஐ ஊரின் பிறந்தநாளாக வைத்து 2004 முதல் கொண்டாடுகிறார்கள். அந்த வாரத்தில் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு தெருவில் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு பழைய கட்டடம் காட்டிக்கொண்டிருப்பார். சேர்ந்துகொள்ளலாம்.

நீங்கள் தவறவிட்ட கூத்து எந்த நாளிதழிலும் வராது. எங்கள் ஏரியா பத்திரிகைக்கும் யாரும் சொல்லி அனுப்பியதில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து குழு வரும். கோயில் நிர்வாகிகள் வெற்றிலை பாக்கு வைத்துத் தேதி பேசுவார்கள். தெருமுனையில் ஒரு பேனர், டீக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ், அவ்வளவுதான் விளம்பரம். ஆடி பிறந்ததும் கூழ் ஊற்றும் பேனர்களைக் கவனியுங்கள். அதில் சாமி படத்துக்கும் வார்டு பிரமுகர் படத்துக்கும் நடுவே, ‘இரவு 10 மணிக்கு தெருக்கூத்து’ என்று மஞ்சள் எழுத்தில் ஒரு வரி ஒளிந்திருக்கும். பத்து என்றால் பதினொன்றரை. முதலில் கட்டியங்காரன் வந்து ஊரையே கிண்டல் செய்வான், குழந்தைகள் தூங்கிய பிறகுதான் திரை பிடித்து ராஜா வேஷம் வரும். பாய் எடுத்துக்கொண்டு போங்கள்.

போனில் வரும் செய்திகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அடுக்குமாடி வாட்ஸாப் குழுவில் தெருச் செய்தி மற்ற எதையும் விட வேகமாக வரும், பொய்யும் அதே வேகத்தில் வரும். ஒவ்வொரு நவம்பரிலும் யாராவது 2015 வெள்ள வீடியோவை ‘இப்போது சைதாப்பேட்டை பாலம்’ என்று போட்டுவிடுவார்கள். நிகழ்ச்சி அழைப்பிதழ் வந்தால் தேதியோடு கிழமை பொருந்துகிறதா, வருடம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதை நான் சொல்லக் கூடாது. ஒருமுறை வியாழக்கிழமை நாடகத்தை வெள்ளி என்று பத்தியில் போட்டுவிட்டேன். வெள்ளி மாலை பூட்டிய அரங்கின் வாசலில் இருபது பேர். அதில் ஒருவர் தாம்பரத்திலிருந்து வந்தவர், மறுநாள் போன் செய்தார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். ‘நாடகம் எப்படி இருந்துச்சு சார்? நீங்களாவது பார்த்தீங்களா?’ என்று கேட்டார். நானும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எந்த நிகழ்ச்சியையும் நடத்துகிறவர்களுக்கு ஒரு போன் போடாமல் அச்சுக்கு அனுப்பியதில்லை. நீங்களும் கிளம்புவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

கடைசியாக, எந்தச் சபாவிலும் இல்லாத ஒன்று உங்கள் வாசலிலேயே இருக்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வரும். 1988-இல் மாணவர்கள் தொடங்கிய ஒரு குழு அந்தப் பருவத்தில் இரவிரவாக நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து, முட்டைகளை நாயும் மனிதரும் தொடாதபடி எடுத்துக் குஞ்சுபொரிப்பகத்தில் புதைக்கிறது. வார இறுதிகளில் பொதுமக்களையும் கூட்டிப் போவார்கள். ஒரு குழியில் நூறு முட்டை கூட இருக்கும், பிங்பாங் பந்து மாதிரி. டார்ச் அடிக்க விடமாட்டார்கள். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடல் எது என்று கண்டுபிடிக்கும், நம் தெருவிளக்குகளே அவற்றைப் போதுமான அளவு குழப்பிக்கொண்டிருக்கின்றன. நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி ஆறேழு கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆமையே வராத இரவுகளும் உண்டு. எலியட்ஸ் கடற்கரைக்கு வந்து சேரும்போது விடியப் போகும், அதற்குள் டீக்கடை திறந்திருக்கும், சுவரில் புதிதாக ஏதாவது நோட்டீஸும் ஒட்டியிருக்கும்.